மண் புழங்கும் அறை

நீலகிரி மண்பாண்டத் தொழிலுக்கு இணக்கமான நாடன்று என்பதை, இங்கே ஒரு மழைக்காலம் முழுவதும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர். களிமண்ணைக் கலமாக்குவது நீர். அந்தக் கலத்தை நிலைக்கச் செய்வதோ, அதே நீர் அமைதியாக விடைபெற்றுப் போவது. சமவெளியில் வெயிலும் காற்றும் இந்த வேலையைக் கூலியில்லாமல் செய்துவிடுகின்றன. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் குன்னூரிலோ, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மேகமே சன்னல் வழியாக வந்து வீட்டுக்குள் அமர்ந்துகொள்கிறது. மானாமதுரையில் மூன்று நாளில் உலர்ந்துவிடும் பானை, இங்கே மூன்று வாரம் கழித்தும் அடிப்பகுதியில் ஈரம் வைத்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கன்னத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரமுள்ள மண் குளிரும். உலர்ந்த மண் குளிராது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் சூளையில் ஏற்றினால், உள்ளே மறைந்திருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். சமவெளியில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. எங்கள் உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே மலைநாட்டுக் குயவர் தம் நெருப்பை இன்னும் சற்று முன்னதாகவே அடக்கி வைக்கப் பழக வேண்டும்.

மண்பாண்டம் பற்றி மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பது இறைவாக்கினர் எரேமியா குயவர் வீட்டுக்கு இறங்கிப்போன நிகழ்ச்சியைத்தான். பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் அந்தப் பகுதி அழகானது. ஆயினும் அங்கே குயவர் ஓர் உவமையாகவே வந்து போகிறார். அவருடைய வீடு எப்படி இருந்தது, புகை எந்தப் பக்கமாகப் போயிற்று, தரையை யார் துடைத்தார்கள் என்பதெல்லாம் இறைவாக்கினருக்குத் தேவைப்படவில்லை. சீராக்கின் ஞானநூலை எழுதியவர் மட்டும் அந்த அறைக்குள்ளே நின்று பார்த்தவர் போலத் தோன்றுகிறார். முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் அவர் காட்டும் குயவர், காலால் சக்கரத்தைச் சுழற்றுகிறார். எத்தனை கலம் முடிந்தது என்ற கவலையோடு இருக்கிறார். மெருகிடுவதில் மனத்தைச் செலுத்துகிறார். அதன்பின் கண்விழித்திருந்து சூளையைத் துப்புரவு செய்கிறார். திருநூலில் ஒரு தொழிற்கூடத்தைத் துப்புரவு செய்கிற வேலைக்கு இடம் கிடைத்திருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. எங்கள் வீட்டுப் பின்புறத்துக் கொட்டகையைச் செப்பனிட நேர்ந்தபோது, அந்த வரியின் நடைமுறைப் பொருள் எனக்குத் தெளிவாயிற்று.

கொட்டகை பெரியதன்று. பதினான்கு அடி நீளம், பதினோரு அடி அகலம். கருங்கல் அடித்தளம், சேறு வைத்துக் கட்டிய சுவர், தகரக் கூரை. ஒரு காலத்தில் விறகு அடுக்கவும் கோழி அடைக்கவும் பயன்பட்டது. பள்ளியில் பணியாற்றிய காலத்தில், புதுச்சேரியில் பயின்று வந்த ஒருவரிடம் விடுமுறைகளில் சக்கரம் பழகினேன். 1971ஆம் ஆண்டில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்கலக்கூடத்திலிருந்து இந்தக் கலை தென்னாட்டில் பலருடைய கைகளுக்குப் பரவியது. ஓய்வு பெற்றபின் அந்தக் கொட்டகையில் ஒரு சக்கரத்தையும் சிறிய மின்சூளையையும் வைத்துக்கொண்டேன்.

என்னைவிட அம்மாவுக்குத்தான் அந்த இடம் பிடித்துப்போயிற்று. அம்மா மானாமதுரைப் பக்கத்து வேளார் வீட்டுப் பெண். 1894ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அச்சில் வார்த்துச் சுட்ட மண்வேலைப்பாடுகள் நிறைந்த அந்தக் கோவிலைப் பற்றிப் பேசும்போது, கோபுரத்தை விடுத்துச் செங்கல்லைத்தான் முதலில் சொல்வார். திருமணமாகித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஐம்பது ஆண்டுக் காலம் அவர் களிமண்ணைத் தொட்டதில்லை. குலத்தொழில் என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஏளனம் ஒளிந்திருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தம் பிள்ளைகள் படிக்க வேண்டும், தம் பிறந்த வீட்டுத் தொழிலை எவரும் கேட்கக்கூடாது என்றிருந்தவர், எழுபது வயதுக்கு மேல் என் கொட்டகையின் மூலையில் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு மண் பிசையத் தொடங்கினார். அவர் கையால் பிசைந்த மண்ணில் காற்றுக் குமிழி இருந்து நான் கண்டதில்லை.

பெண்கள் சக்கரத்தில் அமர்வது மானாமதுரையில் வழக்கமில்லை. மண் எடுப்பதும் மிதிப்பதும் உலர்த்துவதும் அவர்கள் பங்கு, வனைவது ஆண்கள் பங்கு. ஆனால் அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த இந்த மலையில் வழக்கம் வேறு. நீலகிரியின் தொல்குடிகளுள் ஒருவரான கோத்தர்களிடையே பானை வனைவது பெண்களின் தொழில். கொல்வேலையும் தச்சுவேலையும் இசையும் ஆண்களுடையவை. ஏழு ஊர்களில் வாழும் இம்மக்களின் பெயரையே கோத்தகிரி தாங்கி நிற்கிறது. தோடருக்கும் படகருக்கும் வேண்டிய மண்கலங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெண்களின் கைகளிலிருந்தே சென்றன. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம் 1937-38ஆம் ஆண்டுகளில் கோத்தர்களிடையே தங்கி ஆய்வு செய்தபோதே அந்தப் பழைய கொடுக்கல் வாங்கல் முறை குலைந்துகொண்டிருந்தது. பின்னர் அலுமினியப் பாத்திரமும் எவர்சில்வரும் எஞ்சியதை முடித்தன. கோத்தகிரியை அடுத்த ஒரு கோத்தர் ஊருக்கு ஒருமுறை அம்மாவை அழைத்துச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து வனைந்துகொண்டிருந்த முதியவளை அம்மா வெகுநேரம் பார்த்தார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகமில்லை. அந்த அம்மையார் கைப்பிடி மண்ணை எடுத்து நீட்ட, என் தாய் அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். பேச்சு அவ்வளவே.

இம்மலையில் மண்கலம் நேற்று வந்த பொருளன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் ஆணையராயிருந்த பிரீக்ஸ் என்பவர் மலைமுகடுகளிலுள்ள பழங்காலக் கல்வட்டங்களைத் தோண்டினார். அவரது நூல் 1873இல் வெளிவந்தது. அக்குழிகளில் கிடைத்த உயரமான கலங்களின் மூடிகளில் எருமையும் பிற விலங்குகளும் மனித உருவங்களும் அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் சில இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்தனை மழையும் மூடுபனியும் உள்ள நிலத்தில், புதைந்த கலம் கரையாமல் கிடந்தது எப்படி என்றால், அதை வனைந்தவர் ஈரத்தை முற்றிலும் போக்கிச் சுட்டிருந்தார் என்பதுதான் விடை. எந்தக் கூரையின்கீழ் உலர்த்தினாரோ!

அம்மாவுக்கு மூச்சிளைப்பு மிகுந்தபோதுதான் கொட்டகையின் கதை மாறியது. மருத்துவர் நெஞ்சுப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் தளர்ந்திருக்கிறது, இனித் தூசியும் புகையும் ஆகா என்றார். தோட்டத்து லைன் வீட்டில் விறகடுப்பின் முன் கழித்த ஆண்டுகளா, முதுமையா, வேறெதுவுமா என்பதை அவராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டறிந்தபின், மண் வேலை நடக்கும் அறைக்குள் அம்மா போகக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அவர் அஞ்சியது காரணமின்றி அன்று. களிமண்ணில் நுண்ணிய படிகக்கல் துகள் கலந்திருக்கிறது; சிலிக்கா என்பார்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இத்துகள்கள் கண்ணுக்குப் புலனாகாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்; மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்த முடியாத அளவுக்குச் சிறியவை. நுரையீரலின் ஆழத்தில் ஒருமுறை தங்கிவிட்டால் அங்கே தழும்பு உண்டாகும். அதற்கு மீட்பு இல்லை. மத்தியப் பிரதேசத்து மண்ட்சௌரில் பலகைக்குச்சி அறுத்தவர்களும், குசராத்தின் கம்பாத்தில் அகேட் மணிக்கல் தீட்டியவர்களும் இந்த நோயால் இளமையிலேயே மாண்டார்கள். வீட்டில் பொழுதுபோக்காகப் பானை செய்கிறவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த நுரையீரலுக்கு அளவுகோல் வேறு.

கோயம்புத்தூரிலிருந்து தம்பி வந்தான். அவனுடைய யோசனை நேரானது: அம்மா அவனோடு கோவைக்கு வந்துவிட வேண்டும், அங்கே குளிருமில்லை, மண்ணுமில்லை. அது இயலாதென்றால் சக்கரத்தையும் சூளையையும் நான் விற்றுவிட வேண்டும். அவன் சொன்னதில் குற்றம் காண எனக்கு எதுவும் அகப்படவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான் என்று நானும் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

அதுவரை பேசாமலிருந்த அம்மா, "ஏந் தாயி, ஈர மண்ணு எப்பவாச்சும் பறந்து பாத்திருக்கியா? காஞ்சதுதானே பறக்கும். எனக்கு ஈரத்த மட்டும் குடு, காஞ்சத நீ வச்சுக்க" என்றார்.

இதை நான் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். தூசி எழும் இடங்களை ஒரு தாளில் எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது உண்மை அம்மாவின் பக்கமே இருந்தது. மண்ணை வனையும்போதோ பிசையும்போதோ தூசி எழுவதில்லை. உலர்ந்த மண்பொடியைக் கொட்டிக் கலக்கும்போதும், காய்ந்த கலத்தை உரசி மழமழப்பாக்கும்போதும், மெருகுப் பொடியை நிறுக்கும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் சிந்திக் காய்ந்த சேற்றைக் கால் மிதித்துப் பொடியாக்கும்போதும் எழுகிறது. துடைப்பம் அதைத் தரையிலிருந்து எடுத்து மூக்கின் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. அப்படியானால் அறையில் எது எங்கே காயலாம், எது எப்போதும் காயக்கூடாது என்பதை வகுத்து, அதற்கேற்ப அதைக் கட்டுவதுதான் வேலை. உலர்த்துவதற்குப் போராடும் ஊரில், உலராமல் வைத்திருக்க ஓர் அறை! மருத்துவர் சிரித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூச்சின் அளவைச் சோதிக்க வேண்டும், அளவு குறைந்தால் மறுபேச்சின்றி நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைந்தார்.

கொட்டகையை விரிவாக்கலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. பின்புறச் சரிவை ஐந்தடி வெட்டினால் சூளைக்குத் தனியறை கிடைத்துவிடும். ஆனால் 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்ததை நேரில் கண்டவர்கள் நாங்கள். வெட்டிய சரிவு எங்களுக்குத் தெரியாமல் நீரைக் குடித்து வைத்திருந்து, ஓர் இரவில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். ஆகவே பழைய நான்கு சுவர்களுக்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மேஸ்திரி கோத்தகிரிப் பக்கத்தவர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர். சுவரைப் பார்த்ததும், "சிமெண்டு பூசினா ரெண்டு நாள்ல முடிச்சுடலாம் டீச்சர். ஆனா இந்தச் சுவருக்கு வேணாம். உள்ள இருக்குற தண்ணி வெளிய வர வழியில்லாம அழுகிப்போகும். சுண்ணாம்புதான் சரி" என்றார். சிமெண்டுப் பூச்சு நீரைத் தடுக்கும். தடுத்த நீரை உள்ளேயே சிறைவைக்கவும் செய்யும். சுண்ணாம்போ ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். நீர் வெளியேற வழி வேண்டும் என்று பானைக்குச் சொல்வதையே அவர் சுவருக்கும் சொன்னார். சுண்ணாம்பைப் பத்து நாள் தொட்டியில் ஊறவைத்துச் சலித்துப் பூசியதில் வேலை நீண்டது, கூலியும் நீண்டது. என் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதி அந்தத் தொட்டியில் கரைந்ததைப் பற்றித் தம்பியிடம் நான் பேசவில்லை.

கூரைதான் பெரிய தொல்லை. இரவில் தகரம் குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் நீர்த்துளியாகப் படிந்து, காலையில் வெயில் பட்டதும் சொட்டுச் சொட்டாக விழும். மழையில்லாத நாளிலும் உலரும் பானைகளின் மேல் மழை பெய்வது இந்த மலைக்கே உரிய வேடிக்கை. தகரத்துக்கு ஓரடி கீழே மரப்பலகையால் இரண்டாம் கூரை அடித்து, நடுவில் காற்றோட விட்டோம். தரையைச் சிமெண்டிட்டு மழமழப்பாகத் தேய்த்து, ஒரு பக்கமாகச் சாய்வு கொடுத்தோம். வாளி நீரை ஊற்றினால் முழுவதும் ஓடி மூலைக்கு வந்துவிடும். துடைப்பத்துக்கு அங்கே இனி வேலையில்லை. கதவை மட்டும் கனமான பலாப்பலகையில் போடச் செய்தேன். எண்ணெய் வாடைக்குக் கரடி வந்து கதவைப் பிளப்பது எங்கள் பக்கத்தில் அரிதான செய்தியன்று. சிற்றாலயங்களில் விளக்கெண்ணெயைக்கூட அது விட்டுவைப்பதில்லை. காட்டெருமை அவ்வளவு குறும்பு செய்யாது. வந்து நின்று, மண்மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போய்விடும்.

கழிவுநீருக்கு மூன்று தொட்டிகள். கை கழுவும் நீரும் தரை கழுவும் நீரும் முதலாவதில் விழும்; கனமான மண் அங்கே படியும்; தெளிந்த மேல்நீர் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வழிந்து, அதன்பின்தான் வாய்க்காலுக்குப் போகும். சேறு நேரே வாய்க்காலுக்குப் போனால் ஒரே ஆண்டில் குழாய் கல்லாக இறுகிவிடும். படிந்த மண்ணை அள்ளி, பழைய மங்களூர் ஓடுகளின் மேல் பரப்பினால், சுட்ட ஓடு நீரை உறிஞ்சிக்கொண்டு பிசையத்தக்க பதத்தில் மண்ணைத் திருப்பித் தருகிறது. உலர்ந்த பொடியை நான் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். ஈரக் கட்டியாகவே மண் வருகிறது. விலை சற்று அதிகம், சுமை மிக அதிகம். மெருகுப் பொடி கலக்கும் வேலை வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் பக்கத்தில், வடிகட்டும் முகக்கவசம் அணிந்து நடக்கிறது. மழை நாளில் அது நடக்காது, வேறு வழியில்லை.

சூளையை அறையின் மறுகோடிக்கு நகர்த்தி, இடையில் செங்கல் தடுப்பு எழுப்பி, அதன் மேல்பாகத்தில் இடைவெளி விட்டு மரச்சட்டங்களால் உலர்த்தும் தட்டுகள் அமைத்தோம். பலகையாயிருந்தால் கலத்தின் அடி மூச்சுவிடாது. சட்டங்களாயிருந்தால் காற்று கீழிருந்தும் புகும். ஒரு சூடு முடிந்து சூளை ஆறும் இரண்டு நாளில் அதன் மிச்ச வெப்பம் அடுத்த சூட்டுக்கான கலங்களை உலர்த்திவிடுகிறது. இதை அமைக்கும்போதெல்லாம் ரே மீக்கரின் வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் வழியைப் பின்பற்றி, பச்சை மண்ணாலேயே வீட்டைக் கட்டி, அதனுள் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கித் தீயிட்டு, வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர் அவர். வீடே பாண்டமாகிவிடும் அந்தத் துணிவை வியக்கிறேன். ஆனால் விறகுக்கும் புகைக்கும் அஞ்சும் எங்கள் சரிவில் அதற்கு இடமில்லை.

கிழக்குச் சன்னலின் கீழ் அம்மாவின் இடம். வெளிக்காற்று முதலில் அவர் முகத்தில் பட்டு, பிறகே அறைக்குள் போகும். எதிர்ச்சுவரில் உள்ள மின்விசிறி அதை இழுத்து வெளியே தள்ளும். அவர் மேசையில் எப்போதும் ஈரச் சாக்கு விரித்திருக்கும். உலர்ந்த கலம் எதுவும் செங்கல் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் வரக்கூடாது. தாம் செய்த கலம் வெளுத்து உலர்ந்துவிட்டால் அம்மாவே அதைத் தொடுவதில்லை; "இனி அது ஒம் பக்கம்" என்பார். விளிம்பைத் தீட்டுவதும் மெருகிடுவதும் அவருக்கு இல்லாமற் போயிற்று. வட்டக்கல்லும் தட்டுப்பலகையும் கொண்டு காய்ந்துவரும் பானையைத் தட்டிப் பெரிதாக்கும் வித்தையில் அவர் வல்லவர்; பாதி உலர்ந்த மண் என்பதால் அதையும் நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த இழப்பை அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பலகையும் கல்லும் துணியில் சுற்றி மேல்தட்டில் இருக்கின்றன.

அவர் இப்போது அகல் செய்கிறார். நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாளுக்கு, அப்பாவின் கல்லறைக்கும் பக்கத்துக் கல்லறைகளுக்குமாக அறுபது அகல். மூடுபனிக் காலத்தில் அவை உலர நாள் பிடிக்கும் என்று ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கிவிட்டார். உலரும்போது கீறியவை ஐந்து. அவை தொட்டிக்குத் திரும்பி மறுபடியும் மண்ணாயின. சூளையில் வெடித்தவை இரண்டு. அவற்றுக்குத் திரும்பும் வழியில்லை, ஏனெனில் ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் மண் தன்னுள் கலந்திருந்த நீரை அறவே இழந்துவிடுகிறது. இதுவரை நடந்த இரண்டு சோதனைகளிலும் மூச்சின் அளவு குறையவில்லை. மூன்றாவது சோதனை தை மாதத்தில்.

திருநாளுக்கு முந்தின நாள் தம்பி வந்தான். கொட்டகை வாசலில் செருப்போடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். அம்மா தலைநிமிராமல், "சாக்குல காலத் தொடச்சுட்டு வாய்யா. ஒன் கோயமுத்தூர்த் தூசியெல்லாம் இங்க ஆகாது" என்றார்.